நாற்பத்திரண்டு மீட்டர்

மண்ணில் எதுவுமே இல்லாத நாளில்தான்
இந்த மருந்தை அடிக்க வேண்டும்.
ஒரு பச்சை நுனி தெரிந்துவிட்டாலும்
அதற்கு வேறு மருந்து, வேறு செலவு.

கரும்பு ஆலைக்குப் போய்ப் பதினொரு நாள்.
மறுதாம்பு இன்னும் கண் திறக்கவில்லை.
டார்னாலில் அக்டோபர் வானம்
வரும் வரும் என்று சொல்லியே
மூன்று நாளாய் ஏமாற்றுகிறது.
மழை வேண்டும், மருந்து மண்ணுக்குள் இறங்க.
அதிகம் பெய்தாலோ
நொனோட்டி ஆற்றுக்குப் போய்விடும் என் காசு.

மேல்காடு செங்களி.
கொடுத்ததைப் பிடித்து வைத்துக்கொண்டு
களைக்கு விடாத கஞ்சக் களி.
அதற்குத் தொட்டிக்கு இருநூற்று இருபத்தைந்து மில்லி.
ரோட்டுக்குக் கீழே, கடலைப் பார்த்த காடு, மணல்.
அதற்குப் பாதி. பாதியென்றால் பாதிதான்.
டெரன் பெருமாள் போன வருஷம்
இரண்டுக்கும் ஒரே கை அளவு ஊற்றினான்.
அவன் மணல்காட்டுக் கரும்பு
காகிதம் மாதிரி வெள்ளையாய் முளைத்தது.
கோயில் வாசலில் எல்லோரும் விசாரிக்க
செருப்பைத் தேடுகிறவன்போல் குனிந்தே நின்றான்.

முதலில் வெறுந்தண்ணீரை முதுகில் ஏற்றி
நானும் ஹ்லெங்கிவேயும் நடந்து பார்த்தோம்.
நொடிக்கு ஒரு மீட்டர்.
வேகமாய் நடந்தால் களை பிழைக்கும்,
மெதுவாய் நடந்தால் கரும்பு சாகும்.
அவள் உதட்டுக்குள் எண்ணி நடப்பாள்.
எனக்கு எண்ண வேண்டாம்,
கால் பழகிவிட்டது.

நான்காம் நாள் சாயங்காலம் காற்று படுத்தது.
மேல்காட்டில் ஏழாவது வரிசை,
பாதி வழியில்
சட்டைப்பையின் பிளாஸ்டிக் உறைக்குள் போன் அடித்தது.
கையுறையோடு அழுத்த முடியாது.
முகமூடியைத் தூக்கி
மூக்கால் அழுத்தினேன்.

ரூபி, நான் நித்தி.
ஜெர்மிஸ்டனிலிருந்து.
வேலை முடிந்துவிட்டது இங்கே.
பிறகு லாரி ஒன்று கடந்துபோகும் சத்தம்.
பிறகு,
நான் வரட்டுமா?

எட்டு மாதம்.
மழைக்கு முன்னால் முடிக்கணும் நித்தி,
அப்புறம் பேசு, என்றேன்.
அவ்வளவுதான் சொன்னேன்.
கேட்பதற்காகக் கைப்பிடியை விட்டிருக்கிறேன்,
மருந்து நின்றிருக்கிறது.
கால் நிற்கவில்லை.

ஒன்பதாம் நாள் மழை.
வேலிக்கம்பத்துக் குப்பியில் பதினான்கு மில்லிமீட்டர்.
அளந்து வாங்கியது போல.
வாசல்படியில் நின்று சிரித்தேன், யாருமில்லாமல்.

ஐந்து வாரத்தில்
பெருக்கிவிட்ட வீடு மாதிரி காடு.
மணலிலும் கரும்பு பச்சைதான், ஒரு தோகை வெளுக்கவில்லை.
டெரன் வேலியோரம் வண்டியை நிறுத்தி
எத்தனை மில்லி என்று கேட்டுவிட்டுப் போனான்.

மேல்காட்டில் ஏழாவது வரிசையில் மட்டும்
ஒரு ஆள் வீச்சு அகலத்துக்குப்
பச்சை.
தண்டுக்கீரை, கறுப்பூசிச் செடி,
எந்த மருந்துக்கும் அடங்காத கோரை.
கோடு போட்டுத் தொடங்கி
கோடு போட்டு முடிந்திருந்தது.

டேப் வைத்து அளந்தேன்.
நாற்பத்திரண்டு மீட்டர்.
போனை எடுத்துப் பார்த்தேன், அதிலும்
நாற்பத்திரண்டு நொடி.
அதற்குப் பிறகு அந்த எண்ணிலிருந்து
எதுவும் வரவில்லை.

இமிஃபினோ! என்று ஹ்லெங்கிவே
கீரைத் துளிரைக் கிள்ளப் போனாள்.
வேண்டாம், பக்கத்து வரிசையில் அடித்திருக்கிறோம்,
மழையில் எது எங்கே போனதோ என்றேன்.
இங்கே மட்டும் ஏன் விட்டாய்?
போன் வந்தது.
யேபோ, என்றாள்,
மேலே கேட்கவில்லை.

மண்வெட்டியை எடுத்து வந்தாள்.
விதை கொட்டிவிட்டால்
அடுத்த வருஷம் காடு முழுக்க இதுதான்.
எனக்கும் தெரியும்.
கறுப்பூசியை ஒன்று பிடுங்கி
மொட்டை நகத்தால் பிரித்துப் பார்த்தேன்.
பூக்க இன்னும் எட்டு நாளாவது ஆகும்.

வியாழக்கிழமை வெட்டலாம் என்றேன்.
அவள் மண்வெட்டியை
வரப்பில் சாய்த்து வைத்தாள்.